ஆறாம் நம்பர் வீட்டு மூட்டைகள்

பால் கணக்கு நோட்டு ஒன்று என் முன்னால் இருக்கிறது. முன்பக்கம் முழுக்க அரை லிட்டர், ஒரு லிட்டர், ‘வரலை’. திருப்பிப் போட்டால் பின்னாலிருந்து வேறொரு கணக்கு தொடங்குகிறது. பென்சில் எழுத்து.

“செவ்வாய். ராத்திரி 1.40. வண்டி ரெண்டு. ஒண்ணுக்கு நம்பர் பிளேட்டு இல்லை. மூட்டை 4 உள்ளே போச்சு. 10 நிமிசத்துல கிளம்பிட்டாங்க. லைட்டு போடலை.”

“வெள்ளி. சாயங்காலம் 6.15. பச்சை சட்டை ஆள். கதவுகிட்ட நின்னான், உள்ளே போகலை. 1 நிமிசம்.”

“ஞாயிறு. ஒண்ணும் இல்லை.”

இந்த ஞாயிற்றுக்கிழமை வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றும் நடக்காத நாளையும் எழுதிவைக்கிறவர் கண்டதைத்தான் எழுதுவார், நினைத்ததை எழுத மாட்டார். எழுதியவர் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா. வண்டி வந்த நேரம், போன நேரம், கேட் சாத்திய நேரம் என்று ஆயுசு முழுக்க ரிஜிஸ்டரில் எழுதிப் பழகிய கை. சர்க்கரை வியாதிக்காரர், தூக்கமும் கிடையாது. அவருடைய ஏழு பக்கம் இல்லாவிட்டால் இந்தக் கேஸ் ஒரு காம்பவுண்டு சண்டையாகவே முடிந்திருக்கும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். வக்கீல் இல்லை. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பது, எந்த அலுவலகம் எந்தக் கதவு என்று கூட்டிப்போய்க் காட்டுவது, இதுதான் வேலை. கீழே வருகிற ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் போடவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடற்கரைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பவுண்டு

எல் எழுத்து மாதிரி வளைந்த ஒன்பது வீடு. ஒரே கேட். கக்கூஸ் இரண்டு. ஒரு மோட்டார், உப்புக்கரிக்கும் கிணறு, மொட்டை மாடியில் பொதுத் தொட்டி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு தெரு முனைக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் சவுதியில். மாதம் பிறந்தால் அவருடைய மச்சான் வந்து வாடகை வாங்கிப் போவார், எல்லோருக்கும் அவர் வாடகைக் காக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா.

முதல் வீட்டில் கருவாடு விற்கிற அப்பத்தா. இரண்டில் ஒரு லாத்தாவும் கல்லூரிக்குப் போகிற மகளும். மூன்றில் கணவர் குவைத்தில் இருக்க, பதினாறு வயது மகனோடு ஒரு தங்கச்சி. நான்கில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி. ஐந்தில் கேட் கீப்பர் தாத்தா. ஏழில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற குடும்பம், எட்டில் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள் நான்கு பேர். ஒன்பதாவது எப்போதும் பூட்டியே கிடக்கும், வீட்டுக்காரரின் தட்டுமுட்டுச் சாமான்.

ஆறாம் நம்பருக்குப் பங்குனியில் இரண்டு இளைஞர்கள் குடிவந்தார்கள். மீன் கம்பெனி வேலை என்றார்கள். கேட்டதற்கு மேலேயே முன்பணம், அதுவும் ரொக்கமாக. ஒப்பந்தம் எழுதவில்லை, ஆதார் நகலும் வாங்கவில்லை. காக்காவுக்கு அன்றைக்கு அது நல்ல குடித்தனமாகத்தான் தெரிந்தது.

என்னிடம் முதலில் வந்தது மூன்றாம் வீட்டுத் தங்கச்சி. “அக்கா, அவய்ங்க கஞ்சா விக்கிறாய்ங்க. எம்மவன் இந்த வாசல்லதான் வளர்றான். ஏதாவது செய்யணும்க்கா.”

“நீ என்ன பார்த்த?”

“ராத்திரி ராத்திரியா வண்டி வருது. ஒரு மாதிரி வாடை அடிக்குது. ஜன்னலத் தொறக்கவே மாட்றாய்ங்க.”

ராத்திரி நடமாட்டமும் வாடையும்

மதுரையிலோ திருச்சியிலோ ஒரு குடியிருப்பில் நடுராத்திரி ஒன்றரை மணிக்கு வண்டி வந்து போனால் சந்தேகப்பட இடமுண்டு. எங்கள் கரையில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாட்டுப்படகுக்காரர் இரண்டு மணிக்கு எழுந்து வலையைத் தூக்கிக்கொண்டு போவார். ஐஸ் கம்பெனிக்காரருக்கு நேரமே கிடையாது. ஏலத்துக்குப் போகிற வியாபாரி விடிவதற்குள் சைக்கிளை எடுத்தாக வேண்டும். இதெல்லாம் தெரிந்த காம்பவுண்டுதான், ஆனாலும் எட்டாம் நம்பர் வடமாநிலப் பையன்களைத்தான் முதலில் சந்தேகப்பட்டது. ஆட்டோத் தம்பி ஒரு நாள் அவர்கள் பையை வாங்கித் துழாவியே பார்த்துவிட்டார். உள்ளே பருப்பு, வெங்காயம், ஒரு சாமி படம். மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் ஊரில் கைச்செலவுக்கு இல்லாமல் சுற்றுகிற இளைஞர் கூட்டம் பெருகும். பின்னிரவு இரண்டு மணிக்குச் சந்தில் நாலு பேர் நின்றால் பாதிப் பேருக்கு வீட்டில் புழுக்கம், மீதிப் பேருக்கு போன் விளையாட்டு. அதை வைத்து யாருக்கும் பெயர் சூட்ட முடியாது.

இன்னொன்று, உள்ளூரில் விற்பதையும் ஒரு ராத்திரிக்கு வைத்திருந்து கடத்துவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இந்தக் கரை வழியாக இலங்கைக்குப் போகிற சரக்கில் கஞ்சா ஒன்றுதான் என்றில்லை. பீடி இலை, சமையல் மஞ்சள், 2001 முதல் வனவுயிர்ச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிற கடல் அட்டை, மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். படகு கிளம்புகிற ராத்திரி வரை மூட்டைக்கு ஒரு கிட்டங்கி வேண்டும். கேட்பாரில்லாத வாடகை வீடு அதற்கு வசதி. சில்லறை விற்கிற வீட்டுக்கு ஆள் வரத்து அதிகம், ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நின்று போவார்கள். கிட்டங்கி வீட்டுக்கு ஆள் வரத்தே இருக்காது. மூட்டை வரும், சில நாள் கழித்து, கடல் அமைதியாகவும் நிலவில்லாமலும் இருக்கிற ஒரு ராத்திரியில் போகும்.

தாத்தாவின் நோட்டில் இரண்டும் இருந்தன. அதுதான் என்னைக் குழப்பியது. மூட்டைகளும் வருகின்றன, ஒரு நிமிட ஆட்களும் வருகிறார்கள்.

வாடையைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. எரிந்த கயிற்று நாற்றம் என்றார் ஆட்டோத் தம்பி. லாத்தாவுக்கு அது காய்ந்த சருகு மாதிரி இருந்தது. கருவாட்டு அப்பத்தா, “எனக்கு எந்த வாடையும் தெரியலடி, எம்மூக்கு செத்து நாப்பது வருசமாச்சு” என்றார். அந்தக் காம்பவுண்டில் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள்.

இரைச்சல் போட்ட காலம்

நோட்டு என் கைக்கு வருவதற்கு முன்னால் மூன்று தவறு நடந்துவிட்டது. எதையும் நான் தடுக்கவில்லை, எனக்குத் தெரியவே தாமதமாகத்தான் தெரிந்தது.

முதலாவது குரல் பதிவு. ஆட்டோத் தம்பி தெரு வாட்ஸ்அப் குழுவில், ஆறாம் நம்பரில் கஞ்சா விற்கிறார்கள், எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று பேசி அனுப்பினார். மத்தியானம் அனுப்பியது சாயங்காலத்துக்குள் ஆறாம் நம்பர்ப் பையன்களின் போனுக்கே போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் வண்டி வரவில்லை. காம்பவுண்டே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. “பாத்தீங்களாக்கா, ஒரு வாய்ஸ்ல அடங்கிட்டாய்ங்க.” நோட்டிலும் வரிசையாகப் பன்னிரண்டு ‘ஒண்ணும் இல்லை’.

அடங்கவில்லை. இடம் மாறியது. தன் அறைக்குள் வைத்தால் மாட்டுவோம் என்று தெரிந்தவன் அடுத்து எங்கே வைப்பான்? எல்லோருக்கும் பொதுவான, யாருடையது என்று சொல்ல முடியாத இடத்தில். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு காக்கா செய்தது. காலி பண்ணச் சொல்லியும் போகவில்லை என்று கோபத்தில் ஆறாம் நம்பரின் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்துக்கும் ஆறுக்கும் ஒரே லைன் என்பது அவருக்குத் தெரியாது. தாத்தாவின் இன்சுலின் இருந்த ஃப்ரிட்ஜ் ஒரு ராத்திரி முழுக்க நின்றுபோனது. அதைவிடக் கூத்து, மறுநாள் காலையில் அந்த இரண்டு பையன்களும் போலீஸுக்கு போன் போட்டு, வாடகை கொடுத்துக் குடியிருக்கிறோம், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று புகார் சொன்னார்கள். இந்தக் கதையில் போலீஸ் அந்தக் காம்பவுண்டுக்குள் முதன்முதலில் வந்தது, சந்தேகப்பட்டவர்கள் கொடுத்த புகாருக்காக! சட்டமும் அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி குடியிருப்பவரின் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்த முடியாது. வீட்டைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றால் நோட்டீஸ் கொடுத்து, வாடகை நீதிமன்றத்தில் மனுப்போட்டு வெளியேற்றலாம். காக்காவிடம் நோட்டீஸ் அனுப்ப ஒப்பந்தமும் இல்லை, அவர்களின் முழுப் பெயரும் தெரியாது.

மூன்றாவது சின்னது. ஆறாம் நம்பருக்கு வந்த கூரியர் பார்சல் ஒன்றை, ஆளில்லை என்று லாத்தா கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தார். நல்ல மனசுதான். சாயங்காலம் அவர்கள் வந்து வாங்கிப் போனார்கள். உள்ளே என்ன இருந்ததென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கையெழுத்து லாத்தாவுடையது என்பது மட்டும் நிச்சயம்.

தொட்டிக்குப் பின்னால்

ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு லாத்தாவின் போன். குரல் நடுங்கியது.

“தங்கச்சி, மக தொட்டியில தண்ணி பாக்க மாடிக்குப் போனா. தொட்டிக்குப் பின்னாடி செங்கலுக்கு நடுவுல ஒரு நீலக் கேரிப்பை. கீழ கொண்டாந்துட்டா.”

“இப்ப எங்க இருக்கு?”

“அடுப்படியில. அரிசி டப்பா பக்கத்துல.”

“யாரு யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் அவளுக்கும்தான். கக்கூஸ்ல கொட்டி தண்ணி ஊத்திரவா?”

அந்த இரண்டு நிமிடம் பட்ட பாட்டை எழுதினால் நீளும். நான் போனபோது பை பிரிக்காமலே இருந்தது. ரப்பர் பேண்டு சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள் வெளியிலிருந்தே தெரிந்தன. தொடவில்லை. போதைப்பொருள் சட்டம் 1985-இன் 54-ஆம் பிரிவு, ஒருவர் கைவசம் பொருள் இருந்து அதற்குச் சரியான விளக்கம் அவரால் தர முடியாவிட்டால், குற்றம் செய்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க இடம் கொடுக்கிறது. ‘எடுத்துக்கொண்டு வந்தேன்’ என்பது விளக்கம்தான், ஆனால் அதை முதலில் சொன்னால்தான் விளக்கம். யாரோ வந்து எடுத்த பிறகு சொன்னால் சாக்கு. கொட்டியிருந்தால் அந்த விளக்கமும் போய், சாட்சியத்தை அழித்தது என்ற புதுப் பேச்சும் சேர்ந்திருக்கும். திரும்ப மாடியில் கொண்டுபோய் வைப்பதும் பொய்தான்.

ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டு, லாத்தா பெயரிலேயே மதுவிலக்குப் பிரிவின் 10581-க்குக் கூப்பிட்டோம். பை எங்கே இருந்தது, யார் எப்போது எடுத்தது, இப்போது எங்கே இருக்கிறது, கையில் எடுத்தது தெரியாமல் செய்த காரியம் என்று நடந்தது நடந்தபடி. போட்டோ எடுக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. மூன்றாம் வீட்டுத் தங்கச்சிக்கும் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்று லாத்தா கேட்டார். “அவ ரொம்பக் கத்துறா லாத்தா” என்றேன். காரணம் அவ்வளவுதான், வேறொன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். லாத்தாவின் மகளை மாடிக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். பையை முறைப்படி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறாம் நம்பர்க் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை தாத்தா நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “இது உங்களுக்கு உபயோகப்படுமாம்மா?” அதுவரை அவர் எழுதுகிறார் என்பதே யாருக்கும் தெரியாது.

பதினோரு நாள்

அடுத்த பதினோரு நாளில் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. விஷயம் எப்படியோ கசிந்து, தகவல் போயும் போலீஸ் ஒன்றும் செய்யவில்லை, பணம் கைமாறிவிட்டது என்று ஆட்டோத் தம்பி தீர்ப்பே எழுதிவிட்டார். என் மனதிலும் அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அந்தத் தாமதத்துக்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் உண்டு. தனியார் வீட்டுக்குள் வாரண்ட் இல்லாமல் நுழைய போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதற்கு விலையும் வைத்திருக்கிறது. வந்த தகவலை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். சூரியன் மறைந்த பிறகு நுழைவதானால் ஏன் காலை வரை காத்திருக்க முடியாது என்ற காரணத்தையும் பதிய வேண்டும். இதில் முழுக்கக் கோட்டைவிட்டால் கேஸ் நிற்காது என்று கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘அங்கே கஞ்சா விக்கிறாங்க சார்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு கதவை உடைத்தால் உள்ளே காலி அறையும் வெளியே உஷாரான வியாபாரியும்தான் மிஞ்சும்.

அதனால் நோட்டிலிருந்து எடுத்து அனுப்பியதில் கஞ்சா என்ற சொல்லையே நான் எழுதவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை மூட்டை, எந்த நிற வண்டி, எண் தெரிந்தால் எண், கதவு எந்தப் பக்கம் திறக்கும், பின்பக்கம் ஜன்னலுக்குக் கம்பி உண்டா, கேட்டைத் தவிர வேறு வழி இருக்கிறதா. மாடியிலிருந்து பக்கத்து வீட்டு ஓட்டுக்குத் தாவலாம் என்பதையும் சேர்த்தோம், அது ஏழாம் வீட்டுக் குழந்தைகள் சொன்னது. தேசியப் போதைப்பொருள் தடுப்புப் பணியகத்தின் 1933 எண் 2024 ஜூலையில் வந்தது, அதிலும் இதையே சொன்னோம். பெயர் சொல்லாமலே சொல்லலாம். தகவல் யார் கொடுத்தது என்று அதிகாரியை யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்பது அதே சட்டத்தின் 68-ஆம் பிரிவு. கடற்கரையில் மூட்டை இறங்குவதையோ ஏறுவதையோ பார்த்திருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கும் சொல்லியிருப்போம். நாங்கள் பார்க்கவில்லை.

இந்த வசதிக்கு மறுபக்கமும் இருக்கிறது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு பொய்த் தகவல் கொடுத்து ஒருவர் வீட்டைச் சோதனை போடவோ ஆளைக் கைது செய்யவோ வைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 58-ஆம் பிரிவு. குழாயடித் தகராறில் எதிர்வீட்டுக்காரரைக் கஞ்சா என்று மாட்டிவிடப் பார்த்த ஒருவர் இதே தாலுகாவில் என்னிடம் மனு எழுதக் கேட்டு வந்தார். தண்ணீர்த் தகராறுக்கு மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.

தொல்லைக்கும் சந்தேகத்துக்கும் தனித்தனி வழி என்று காம்பவுண்டுக்குச் சொல்லிப் புரியவைக்க அந்தப் பதினோரு நாளும் பிடித்தது. ராத்திரி கேட்டைத் திறந்துபோட்டுப் போகிறார்கள், வழியை மறித்து வண்டி நிறுத்துகிறார்கள், சத்தம் போடுகிறார்கள் என்பதெல்லாம் பெயரும் கையெழுத்தும் போட்டு நிலையத்தில் கொடுக்கிற மனு. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதில் போதைப்பொருள் என்று ஒரு சொல்கூட வேண்டியதில்லை. சந்தேகம் போனில், பெயரில்லாமல். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பெயரும் வெளியே தெரியும், சந்தேகமும் வெளியே தெரியும்.

காக்காவுக்கும் ஒரு கடிதம் எழுதினோம், சவுதிக்கும் நகல். வீட்டைப் போதைப்பொருள் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே விடுகிற உரிமையாளருக்கும், வீட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் அந்தக் குற்றத்துக்குள்ள தண்டனையே என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. தெரியாது என்றால் தப்பு இல்லை. கடிதம் கையில் கிடைத்த பிறகு தெரியாது என்று சொல்வது கஷ்டம். வாடகைக்கும் அந்த ஃபியூஸுக்கும் தவிர மூன்று மாதமாக எதற்கும் வராத காக்கா, மறுநாளே வந்து மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தாத்தாவிடம் கொடுத்தார். இதை முதல் வாரமே செய்திருக்கலாம்.

சோதனை

ஒரு புதன்கிழமை, மாலை நான்கு மணி. இருட்டுவதற்கு நிறைய நேரம் இருந்தது. கேட்டில் இரண்டு பேர், பக்கத்து ஓட்டுக்குக் கீழே ஒருவர், கதவுக்கு மூவர். ஒருவர் செல்போனில் தொடக்கத்திலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார், 2024 ஜூலையில் வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் அது கட்டாயம். இரண்டு பையன்களில் ஒருவன்தான் இருந்தான். உடல் சோதனைக்கு முன்னால் மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் வேண்டுமா என்று கேட்டார்கள், அது அவனுடைய உரிமை. அப்பத்தா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

உள்ளே ஒன்பது மூட்டை. பிரித்ததும் அந்த வாடை காம்பவுண்டு முழுக்கப் பரவியது. இரண்டு மாதமாக எல்லோரும் கஞ்சா என்று அடித்துச் சொன்ன அதே வாடை. பீடி இலை. சுங்கத்துறைக்குச் சொல்லியனுப்பினார்கள், அது அவர்கள் கணக்கு. ஆட்டோத் தம்பியின் முகம் தொங்கிப்போனது.

பிறகு அலமாரியின் மேலிருந்த ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டியை இறக்கினார்கள். அதற்குள் மாடியில் கிடைத்த மாதிரியே ரப்பர் பேண்டு போட்ட பொட்டலங்கள். எடை போட்டபோது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

ஆக காம்பவுண்டு சொன்னதில் பாதி சரி, காரணம் முழுக்கத் தவறு. வாடைக்கும் மூட்டைக்கும் கஞ்சாவோடு சம்பந்தமில்லை. ஜன்னலைத் திறக்காததும் பீடி இலைக்காகத்தான். கஞ்சா விற்றது பெரிய கணக்கின் பக்கத்தில் ஓடிய சின்னக் கணக்கு, அதைக் காட்டியது தாத்தா எழுதிய ஒரு நிமிட ஆட்கள் மட்டும்.

அரைக் கிலோ என்றதும் எனக்கு அடுத்த கவலை தொடங்கிவிட்டது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு, பத்து முதல் இருபது ஆண்டு, ஜாமீனும் லேசில் கிடைக்காது. அதனால் பையன் சீக்கிரம் வெளியே வருவான், வந்தால் நேரே இங்கேதான் வருவான், சட்டிபானை இங்கே இருக்கிறது. எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது காக்காவை உட்காரவைத்து, முன்பணத்தில் வாடகை போக மீதியைக் கணக்குப் பார்த்து, ரசீது எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வந்தான். அப்பத்தாவும் ஐஸ் கம்பெனிக்காரரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பணத்தை எண்ணிப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான், சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஆட்டோத் தம்பியை அன்றைக்கு மட்டும் ராமநாதபுரம் சவாரிக்கு அனுப்பிவைத்திருந்தோம்.

மூன்றாம் வீடு

விசாரணையில் ஆறாம் நம்பர்ப் பையன் சொன்ன பெயர்களில் ஒன்று மூன்றாம் வீட்டு மகனுடையது. பொட்டலங்களை மாடியில் ஒளித்ததும், கேட்டவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவன்தான். ஒரு தடவைக்கு 200 ரூபாய். முதலில் பணத்துக்கு, பிறகு அவனும் புகைக்கத் தொடங்கியிருந்தான். நோட்டில் அவன் பெயர் எங்கும் இல்லை. தாத்தா வெளியாட்களைத்தான் எழுதினார், காம்பவுண்டுப் பிள்ளை காம்பவுண்டுக்குள் நடப்பதை யார் எழுதுவார்கள்?

அவனுடைய அம்மா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நாந்தானக்கா ஒங்ககிட்ட மொதல்ல வந்தேன்” என்றார்.

பதினாறு வயது என்பதால் அவன் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. குழந்தையைப் போதைப்பொருள் கடத்தவோ விற்கவோ பயன்படுத்தியவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 78-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிறிய அளவு என்று சுலபமாக வெளியே வந்தவன் மீது உண்மையில் கனத்தது இந்தப் பிரிவுதான். ஆனால் அதற்கு மகன் வாயைத் திறக்க வேண்டும். முதல் இரண்டு சந்திப்பில் தலை நிமிரவே இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்த அம்மா கேள்வி எதுவும் கேட்காமல் வலை பின்னத் தெரியுமா என்று பேச்சை ஆரம்பித்தார். அவனுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். அதிலிருந்துதான் பேச்சு வந்தது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாராவாரம் போகிறான். நடுவில் ஒரு வாரம் போகவில்லை, திரும்பவும் புகைத்திருக்கிறான், அம்மா போதை மீட்பு உதவி எண் 14446-க்கு ராத்திரி பதினொன்றுக்கு போன் செய்து அழுதிருக்கிறார். அடுத்த வாரம் போனான். அப்பாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. காம்பவுண்டில் யாரும் அவரிடம் போட்டுக்கொடுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். குரல் பதிவு போட்ட தம்பிதான் இப்போது அவனை ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார்.

சம்மன்

சோதனை நாளில் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சியாக அழைத்து, எடுத்ததையெல்லாம் எழுதிய மகஜரில் கையெழுத்து வாங்கினார்கள். ஒருவர் ஐஸ் கம்பெனிக்காரர், இன்னொருவர் ஆட்டோத் தம்பி. பெயரில்லாமல் தகவல் சொல்லலாம் என்று நான் சொன்னதெல்லாம் கதவு திறக்கிற வரைக்கும்தான். எழுதிக் கேட்ட பிறகு தகுந்த காரணமில்லாமல் சாட்சிக்கு வர மறுப்பது குற்றம், கையெழுத்துப் போட்டால் பெயரும் விலாசமும் குற்றப்பத்திரிகையில் வரும். இதை முன்னாடியே சொல்லி, யார் நிற்பது என்று பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். தனியாக இருக்கிற லாத்தாவோ தாத்தாவோ அன்று வாசலில் நின்றிருந்தால் அவர்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

சென்ற வாரம் தம்பிக்குச் சம்மன் வந்தது. கொண்டுவந்து காட்டினார்.

“போகாம இருந்தா என்னக்கா ஆகும்? ஒரு நாள் சவாரி போயிரும். அவன் ஆளுங்க கோர்ட்டு வாசல்லயே நிப்பாய்ங்க.”

“போகலைன்னா வாரண்ட்டு வரும். நானும் வர்றேன்.”

“என்ன கேப்பாங்க?”

“மூட்டையில என்ன இருந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “பீடி இலை.”

“கஞ்சா எங்க இருந்துச்சு?”

“குக்கர் டப்பாவுல. அலமாரி மேல. நான் பாத்தேன்.”

“அதுக்கு முன்னாடி வாடை அடிச்சுதான்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பார்.”

சம்மனை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அடிச்சுது. என்ன வாடைன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிர்றேன்” என்றார்.